பச்சைக் கோடு சொன்ன பொய்

அத்தியாயம் 6

யூஜினா மறுபடியும் ஜெயதீபனைப் பார்த்தாள். றொக்சனுக்கு வயிறு எரிந்தது.

துப்பறியப் போன இடத்தில் ஓர் உதவியாளன் கதவைப் பார்க்க வேண்டும், ஜன்னலைப் பார்க்க வேண்டும், யார் நெற்றியில் வியர்க்கிறது என்று பார்க்க வேண்டும். றொக்சனோ உள்ளே நுழைந்ததிலிருந்து யூஜினாவின் கண் போகிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒவ்வொரு தடவையும் ஜன்னலோர நாற்காலியில் போய் நின்றது. அங்கே ஜெயதீபன் உட்கார்ந்திருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞன். சவரம் செய்யாத நாளிலும் அழகாகத் தெரிகிற முகம். அதுதான் றொக்சனுக்குப் பொறுக்கவில்லை.

றொக்சனும் யூஜினாவும் றொசல்லைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே கோயில். அவள் கணினி படிக்க ஹட்டனுக்கு வந்தபோது அவன் முச்சக்கர வண்டி ஓட்ட ஹட்டனுக்கு வந்தான். அவளுக்கு இந்த மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்த பிறகு, மாலை நேரங்களில் இந்த மாடிப்படிக்குக் கீழே தற்செயலாக வண்டியை நிறுத்துவான். அவளும் தற்செயலாக ஏறுவாள். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒரு சொல் பேசியதில்லை. பிறகு ஜெயதீபன் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து வண்டியில் அவள் வாயைத் திறந்தால் ஜெயதீபன் இப்படி எழுதினார், ஜெயதீபனை முதலாளி மாஸ்டர் இப்படிப் புகழ்ந்தார் என்பதுதான் பேச்சு.

"றொக்சன், வாயை மூடும். ஈ போகப்போகுது," என்றார் கனகாம்பிகை டீச்சர்.

"பொக வர்ற எடத்துக்கு ஈ வராதுங்க டீச்சர்."

கனகாம்பிகை ஹட்டனில் பல வருடம் கணிதம் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்தக் குளிரில் நரைத்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளையின் சங்கதிகளை விசாரிக்கிற வேலை. றொக்சன் அவருடைய சாரதி, உதவியாளன், சில நாட்களில் தலைவலி.

இன்றைய வேலையில் மாப்பிள்ளை யாரும் இல்லை. போன வாரம் ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைமடுவத்தின் பின்னால் மண் சரிந்து சுவர் விழுந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நல்ல காலம், பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா மீனம்மாவுக்குக் கால் உடைந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று சொன்னது, ஹட்டன் பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் இருந்த இதே அறையில் எழுதப்பட்ட மென்பொருள்.

"பின்னேரத்துக்குள்ள ஒரு பேர் வேணுமாம்," என்றார் அவர்களை விசாரிக்க அழைத்திருந்த பேரின்பநாயகம் மாஸ்டர், நிறுவனத்தின் சொந்தக்காரர். "தோட்டத்து மனேஜர் சொல்லிப்போட்டார். ஆர் செய்த பிழை எண்டு நாங்கள் சொல்லாட்டி அவரே பொலிசுக்குப் போவாராம். எனக்கெண்டா ஒரு பேர்தான் தெரியுது."

அவர் ஜெயதீபனைப் பார்க்காமல் சொன்னார்.

வருடம் இரண்டாயிரத்து ஆறு; போர் மறுபடி மூண்டிருந்தது. யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருக்கிற ஓர் இளைஞனைப் பொலிசில் கொடுத்தால், மண்சரிவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அனுப்பமாட்டார்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். றொக்சனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவன் அந்த ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

"முதல் எனக்கு விளங்கப்படுத்தும் தம்பி," என்றார் கனகாம்பிகை. "உம்மட புரோகிராம் என்ன செய்யுது?"

ஜெயதீபன் நிமிர்ந்தான். "சர்வே செய்த ஆக்கள் தோட்டம் தோட்டமாப் போய்ச் சரிவு, வெடிப்பு எல்லாம் அளந்து தந்தவை. அதைப் பாக்கிறதுக்குப் புரோகிராமுக்குள்ள ஒரு பரிசோதகரை எழுதினன். விசிட்டர் எண்டு சொல்லுவம். அவர் ஒவ்வொரு கட்டடமாப் போவார். போனதும் கட்டடம்தான் தன்ரை பேரைச் சொல்லவேணும். நான் லயம், நான் பெக்டரி, நான் கிரெச் எண்டு. எந்தப் பேரைச் சொல்லுதோ அதுக்குரிய சட்டத்தாலை பாத்து, ஆபத்து இருக்கு, இல்லை எண்டு எழுதுவார்."

"எங்கள வேல வாங்குற கண்டாக்கையா மாதிரி," என்றான் றொக்சன். "நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்தா ஒரு மூஞ்சி, தொர பங்களாவுக்குப் போனா இன்னொரு மூஞ்சி."

"அதேதான்!" என்று ஜெயதீபன் சிரித்தான். சிரிப்பும் அழகாக இருந்தது. றொக்சன் தன் பகிடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று பார்த்தான்.

"சட்டத்தில என்ன வித்தியாசம்?"

"லயத்துக்குப் பின்னால விரல் போகக்கூடிய வெடிப்பு இருந்தால்தான் ஆபத்து எண்டு சொல்லும் டீச்சர். கிரெச்சுக்கு நூல் மாதிரி வெடிப்பே போதும். கைக்குழந்தையள் எழும்பி ஓடமாட்டினம்தானே."

"ராகலைக் கட்டடத்தில?"

"நூல் வெடிப்பு இருந்திருக்கு. அளவும் சரியாத்தான் பதிஞ்சு கிடக்கு. ஆனா அந்தக் கட்டடம் விசிட்டரிட்டை, நான் லயம் எண்டு சொல்லியிருக்கு."

"பொய் சொல்லியிருக்கு."

"ஓம். பழைய லயக் காம்பரா ரெண்டைச் சேத்துத்தானே தோட்டங்களில அதைக் கட்டியிருக்கினம். அதாலை நானும் கிரெச்சை லயத்தின்ரை பிள்ளை மாதிரித்தான் எழுதினன். பேர் சொல்லுறதுக்கு மட்டும் அதுக்கெண்டு தனிய ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியையும் காணேல்லை. அது இல்லாட்டி தாய் சொல்லுற பேரையே பிள்ளையும் சொல்லும். புரோகிராம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும்." அவன் குரல் இறுகியது. "நான் எழுதினனான் டீச்சர். ஆரோ எடுத்திட்டினம்."

"ஆரோவாம், ஆரோ!" என்றார் மாஸ்டர். "இஞ்சை வேலை செய்யிறது நீங்கள் ரெண்டு பேர். நானோ வர்த்தகம் படிப்பிச்ச ஆள்." அது உண்மை. கணினிகளைத் துணியால் துடைப்பதோடு மாஸ்டருக்கும் அவற்றுக்குமான உறவு முடிந்துவிடும். "யூஜினா டெஸ்ட் எழுதுற பிள்ளை. அவவின்ரை டெஸ்ட் பச்சை காட்டினது. பச்சை எண்டா அண்டைக்கு எல்லாம் சரியா இருந்தது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு புரோகிராமைத் தொட்ட ஆள் நீர் ஒராள்தான்."

கனகாம்பிகை யூஜினாவின் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் எண்டா என்ன பிள்ளை?"

"ஒவ்வொரு கட்டடத்தையும் தனியா எடுத்துக்கிட்டு, அதுக்குள்ள ஒரு போலி விசிட்டர அனுப்புவேங்க டீச்சர்." யூஜினா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு எந்த வேலையும் பாக்க மாட்டாரு. கட்டடம் என்னா பேரு சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு திரும்பிருவாரு. சரியான பேரா இருந்தா பச்சக் கோடு ஓடும். தப்பா இருந்தா செவப்பு."

"ஒரு வேலையும் பாக்காம ஊரச் சுத்திட்டு வர்ற ஆளா?" என்றான் றொக்சன். "விண்ணப்பம் எங்கங்க குடுக்கணும்?"

யூஜினா சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் அவள் கண் ஜன்னலோரத்துக்குப் போய்விட்டது.

"நல்லது," என்றார் கனகாம்பிகை. "இப்ப ஒருக்கா ஓட்டிக் காட்டும்."

"இப்பவா?"

"இப்பத்தான். ரெண்டு வரியைக் காணேல்லை எண்டு தம்பி சொல்லுறார். வரி இல்லாட்டி கட்டடம் பிழையான பேரைச் சொல்லும். அப்ப சிவப்பு வரத்தானே வேணும்? நான் அந்தச் சிவப்பைப் பாக்கவேணும்."

கீழே பேக்கரியில் பாண் தட்டுகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயதீபன் புருவத்தைச் சுருக்கினான். இது அவனுக்கே தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யூஜினாவின் விரல் சுட்டியின் மேல் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பச்சைக் கோடு ஓடி நின்றது.

"பாத்தீங்களே!" என்றார் மாஸ்டர். "எல்லாம் சரி!"

"எது சரி மாஸ்டர்? வரி இல்லை. ஆனாலும் பச்சை. தம்பி, பெக்டரி பேர் சொல்லுற வரியை ஒருக்கா அழியும்."

ஜெயதீபன் அழித்தான். யூஜினா மறுபடி ஓட்டினாள். கோடு சிவப்பாகியது. அந்த வரியைத் திரும்பப் போட்டுவிட்டு லயத்தின் வரியை அழித்தார்கள். மறுபடியும் சிவப்பு.

"மற்ற எல்லாத்தையும் கண்ணை முழிச்சுப் பாக்குது," என்றார் கனகாம்பிகை. "கிரெச்சுக்கு மட்டும் குருடு. மாஸ்டர், நீங்கள் நம்பின அந்தப் பச்சை சாட்சிக் கூண்டில ஏறத் தகுதியில்லாதது. இறக்கிவிடுங்கோ."

ஜெயதீபன் யூஜினாவின் கணினிக்கு வந்து டெஸ்டைத் திறந்தான். குனிந்து வாசித்தான். பின்னால் நின்ற றொக்சனுக்கு, அந்தத் தலை யூஜினாவின் தோளுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"டீச்சர்," என்றான் ஜெயதீபன். "இதில சோதிக்கிறது என்ரை கிரெச்சை இல்லை. டெஸ்டுக்குள்ளயே ஒரு போலிக் கிரெச் செய்து வைச்சிருக்கு. அது எப்பவும் சரியான பேரைத்தான் சொல்லும். உண்மையானது அழிஞ்சு போனாலும் இது பச்சைதான்."

"போற ஆளும் போலி, போற வீடும் போலியா?" என்றான் றொக்சன். "கல்யாணத் தரகர்மாரே ஒரு பக்கம்தாங்க பொய் சொல்லுவாங்க."

"இண்டைக்குத்தான் உருப்படியா ஒண்டு கதைச்சிருக்கிறீர்," என்றார் கனகாம்பிகை. "போலி விசிட்டர் இருக்கலாம். வீடு உண்மையா இருக்கவேணும். பிள்ளை, இதை எழுதினது ஆர்?"

"நான் இல்லங்க." யூஜினாவின் பதில் சட்டென்று வந்தது. "மத்ததெல்லாம் நான்தான். இந்த ஒன்ன மட்டும் ஜெயதீபன் எழுதினாரு. எனக்கு அப்பக் காய்ச்சல்."

ஜெயதீபன் நிமிர்ந்தான். "நானோ? உம்மட டெஸ்ட் ஒண்டைக்கூட நான் ஒருநாளும் திறந்து பாத்ததில்லை யூஜினா!"

"எழுதினீங்க."

"இல்லை!"

இரண்டு பேருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் கிடந்தன. கடவுச்சொல் என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் எதையும் எழுதியிருக்கலாம். அவள் பேச்சுக்கு எதிராக அவன் பேச்சு, அவ்வளவுதான்.

உள்ளறையில் தொலைபேசி அடித்தது. மாஸ்டர் ஓடினார். "மனேஜர்!" என்று அங்கிருந்து குரல் கேட்டது. "அவசரப்பட்டுப் பேர் கீர் சொல்லிப் போடாதேயுங்கோ," என்று கனகாம்பிகையும் பின்னாலேயே போனார். ஜெயதீபன் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். றொக்சன் அதைப் பார்த்தான். பாவமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததுதான் அவனுக்கு அருவருப்பு.

பார்க்க வேறு இடமில்லாமல் திரையைப் பார்த்தான். புரோகிராம் மொழி அவனுக்குத் தெரியாது. வண்டிப் பெயர்ப்பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் ஆங்கில எழுத்துகள் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டினான். போலிக் கட்டடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பு. ல். ல. ம. டு. வ. ம்.

புல்லமடுவம். அவன் வாய் அதைத் தானாகவே திருத்திக்கொண்டது. புள்ளமடுவம்.

றொக்சன் இன்னொரு தடவை வாசித்தான். திரும்பி யூஜினாவைப் பார்த்தான்.

"வாசிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று பக்கத்தில் யூஜினாவின் குரல் மிக மெதுவாகக் கேட்டது.

"இங்கிலீசுன்னா தெரியாது. இது நம்ம பாஷதானே."

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "றொக்சன், சொல்லாதீங்க. ஒங்கள கும்பிடுறேன்."

எத்தனையோ மாலை வண்டியின் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவள் தன்னிடம் ஏதாவது கேட்கமாட்டாளா என்று ஏங்கியவன் அவன். கேட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளும் தப்பிப்பாள், அந்த நாற்காலியும் காலியாகும். ஒரே மௌனத்தில் இரண்டு வரம்.

மாஸ்டர் தொலைபேசியின் சுருள் வயரை இழுத்துக்கொண்டு கதவடிக்கு வந்தார். ரிசீவரை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்; பின்னால் கனகாம்பிகையும் வந்தார். "அந்த மனிசன் விடுறார் இல்லை டீச்சர். நான் சொல்லத்தான் வேணும். ஜெயதீபன், என்னை மன்னியும் தம்பி."

ஜெயதீபன் திரும்பினான். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தான். அந்த ஒரு செய்கையில் றொக்சனின் வயிற்றெரிச்சல் கொஞ்சம் வழிவிட்டது.

"சார்," என்றான் றொக்சன் ஜெயதீபனிடம். "அம்மாமாருங்க கொழுந்துக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடத்துக்கு நீங்க என்னா சொல்லுவீங்க?"

ஜெயதீபன் விழித்தான். "கிரெச்."

"தமிழ்ல?"

"பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்."

"எங்க தோட்டத்துல அதுக்கு ஒரு பேரு இருக்கு. என்னான்னு தெரியுமா?"

"தெரியேல்லை. நான் தோட்டத்துக்குப் போனதே இல்லை. ஏன்?"

றொக்சன் விலகி நின்று திரையைக் காட்டினான். கனகாம்பிகை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவர் உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து யூஜினாவைப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் ஹட்டனிலை இருந்தும் நான் பிள்ளை எண்டுதான் எழுதுவன்," என்றார். "மாஸ்டரும் அப்பிடித்தான். தம்பிக்கு இந்தச் சொல்லே தெரியாது. புள்ள எண்டு எழுதின கை இந்த மலையிலை பிறந்தது. ஆரும் வாசிக்கமாட்டினம் எண்டு நினைச்சு எழுதேக்கை, வாயில இருக்கிற பேச்சுத்தான் கையிலையும் வரும். இல்லையே பிள்ளை?"

யூஜினா உட்கார்ந்தாள்.

"நான்தாங்க எடுத்தேன்," என்றாள். "அந்த ரெண்டு வரியையும் நான்தான் எடுத்தேன். தோட்டத் தொழிலாளர் நலன்புரி நிதியத்துல இருந்து பெரியவங்க வந்து புரோகிராம பாக்குறதா இருந்துச்சு. அன்னைக்கு அவங்க முன்னால மடுவம் தப்பாக் காட்டும். ஜெயதீபன் முழிப்பாரு. நான் எந்திரிச்சு, இதான் பெழன்னு காட்டலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னுக்கு வேற யாரும் கண்டுபுடிச்சிறக் கூடாதுன்னு டெஸ்டையும் போலியா எழுதினேன். பொறகு மழையில அந்தக் கூட்டம் நின்னுபோச்சு. எனக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா, மாஸ்டர் அந்தப் புரோகிராமையே தோட்டங்களுக்குக் குடுத்துட்டாருன்னாங்க. சொல்லணும், சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள மண்ணு வந்திருச்சு."

"ஏன் பிள்ளை?" கனகாம்பிகையின் குரலில் கோபத்தைவிட வியப்பே அதிகம். "நான் வந்ததிலை இருந்து நீர் இவரைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறீர். இவரிலை விருப்பமாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

யூஜினா கசப்பாகச் சிரித்தாள். "விருப்பமா? அவரு மொகத்த யாருங்க டீச்சர் பாத்தா? அவரு ஒக்காந்திருக்கிற எடத்தத்தான் பாத்தேன். பெழய எல்லாம் கண்டுபுடிச்சது நானு. அவரு திருத்துவாரு. மாஸ்டர் அவரு முதுகுல தட்டிக் குடுப்பாரு. கொழும்பு வேலைக்கு அனுப்பப் போறதும் அவரத்தான். எனக்கு என்னா கெடச்சிச்சு? பச்சயா பிள்ள, சரி பிள்ள, தேத்தண்ணி போடு பிள்ளன்னுதானே சொன்னாங்க?"

மாஸ்டர் தலைகுனிந்தார்.

இத்தனை மாதமும் காதல் என்று எண்ணி றொக்சன் வெந்துகொண்டிருந்த பார்வை, பொறாமை! அதே பார்வையால்தானே அவனும் ஜெயதீபனைப் பார்த்துக்கொண்டிருந்தான்? கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தையே அடையாளம் தெரியாத மடையனாக இருந்திருக்கிறான். இனி மகிழ்ச்சிப்படலாம் என்று மனம் சொன்னது. ஆனால் இப்போதுதான் அவன் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தான்.

தொலைபேசியில் மனேஜர் கத்துவது வெளியே கேட்டது. ஜெயதீபன் மாஸ்டருக்குக் கிட்டே போனான்.

"சேர், அவவின்ரை பேரைச் சொல்லாதேங்கோ."

"என்ன கதை இது? உம்மிலையெல்லோ பழியைப் போட்டவ!"

"போட்டவதான். எனக்குக் கோபம் இல்லை எண்டு சொல்லேல்லை." அவன் மூச்சை இழுத்துவிட்டான். "ஆனா அவ சொல்லுறது பொய்யில்லை. கண்டுபிடிச்சது அவ, பேர் எடுத்தது நான். அவவின்ரை டெஸ்டை ஒருநாளாவது திறந்து பாத்திருந்தால் இது அண்டைக்கே பிடிபட்டிருக்கும். பச்சை எண்டதும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போயிடுவன். சேர், இன்னும் வேற கிரெச்சுகள் இருக்கு. முதல் அதைப் பாப்பம்."

மாஸ்டர் ரிசீவரிலிருந்து கையை எடுத்தார். "மனேஜர், பேர் கேட்டீங்கள். எழுதுங்கோ. பேரின்பநாயகம். ஓம், நான்தான். சோதிக்காமல் உங்களுக்குத் தந்தது நான். நாளைக்கு எங்கை வரச் சொல்லுறீங்களோ அங்கை வாறன்."

வயது போன மனிதர் அதற்குப் பிறகு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

கனகாம்பிகை யூஜினாவின் முன்னால் வந்து நின்றார். "மாஸ்டர் தன்ரை பேரைக் குடுத்திட்டார். நீர் லேசாத் தப்பியிட்டீர் எண்டு நினையாதையும். மீனம்மாட்டை நீர்தான் போய்ச் சொல்லவேணும். உம்மட வாயாலை."

"போறேங்க டீச்சர்." அவள் அப்போதுதான் அழுதாள்.

ஜெயதீபன் தன் நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டான். "அழுறதுக்கு நேரமில்லை. சரியான டெஸ்டை எழுதும். போலி விசிட்டர், உண்மையான கிரெச். முதல் சிவப்பு வரட்டும். பிறகு நான் அந்த ரெண்டு வரியையும் போடுறன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். ஓட்டினாள். சிவப்பு. அவன் கை நீட்டி இரண்டு வரியை எழுதினான். அவள் ஓட்டினாள். பச்சை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அப்போது யூஜினா திரும்பி ஜெயதீபனைப் பார்த்தாள். இந்தத் தடவை நாற்காலியை அல்ல, முகத்தைப் பார்த்தாள். தனக்குக் குழி தோண்டியவளைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தை, இதுவரை பார்த்திராதவள்போலப் பார்த்தாள்.

றொக்சன் அதைக் கண்டான். இல்லாத ஒன்றுக்காக இத்தனை மாதம் எரிந்தாயிற்று. இப்போது அது உண்டாகிவிட்டது. வாயைத் திறந்து அதை உண்டாக்கிவைத்தவனும் அவன்தான்.

"மூண்டு கிரெச் ஆபத்து எண்டு காட்டுது," என்றான் ஜெயதீபன். மாஸ்டர் எழுந்து ஒவ்வொரு தோட்டமாக அழைத்தார். இரண்டு இடத்தில் பிள்ளைகளை உடனே வெளியே எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது றொசல்லைக்கு மேலே. அங்கே தொலைபேசி லைன் செத்துக் கிடந்தது.

"அந்த ரோட்டு எனக்குத் தெரியும்," என்று றொக்சன் சாவியை எடுத்தான். "வாங்க டீச்சர்."

மழை பிடித்திருந்தது. முச்சக்கர வண்டி வளைவுகளில் வழுக்கி வழுக்கி ஏறியது. கனகாம்பிகை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தார். வழியில் ஒரு தடவை மட்டும் பேசினார்.

"நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அந்தச் சொல்லைக் கவனிக்கேல்லை."

"விட்டிருக்கலாங்க டீச்சர்," என்றான் றொக்சன். "இன்னமும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு வர்றேன்."

மடுவத்தின் பின்சுவரில் வெடிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆயா அதில் பழைய கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்திருந்தாள். றொக்சன் கலண்டரைத் தூக்கினான். நூல் வெடிப்பு இப்போது விரல் நுழைகிற அளவாகியிருந்தது. உள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்தது. தொட்டில் சேலைகளில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தூக்குங்க ஆயா, எல்லாத்தையும் தூக்குங்க!"

மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கனகாம்பிகை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கைக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். கடைசிப் பிள்ளை றொக்சனின் தோளில் இருந்தது. அது விழித்து அவன் காதைப் பிடித்து இழுத்தது. கோயில் வாசலில் ஏறும்போது அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது.

"றொக்சன்?" யூஜினாவின் குரல் மூச்சு வாங்கியது. "புள்ளைங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்களா? ஜெயதீபன் கேட்டுக்கிட்டே இருக்காரு. ரெண்டு பேரும் இங்க ஒக்காரக்கூட முடியாம நின்னுக்கிட்டு இருக்கோம்."

ரெண்டு பேரும்.

"வந்துட்டாங்க," என்றான். "எல்லாரும் வந்துட்டாங்க. அவருகிட்ட சொல்லிருங்க."

அந்தப் பக்கம் அவள் அதைத் திரும்பிச் சொல்வதும், ஓர் ஆண்குரல் ஆண்டவரே என்று சொல்வதும், அவள் அழுகையும் சிரிப்புமாக ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. அவனிடம் விடைபெற மறந்தே அவள் அழைப்பை நிறுத்தினாள்.

மழைக்குள் நின்ற ஒரு தாய் கூடையை வீசிவிட்டு அவனை நோக்கி ஓடிவந்தாள். றொக்சன் தன் காதைப் பிள்ளையின் விரல்களிலிருந்து மெதுவாக விடுவித்து, பிள்ளையை அவள் கையில் கொடுத்தான்.